‘செக் பண்ணிட்டோம், ஒன்றும் இல்லை’: புது வண்டியில் வந்து வந்து மறையும் கோளாறு

சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக்கல் கோளாறு கண்டுபிடிப்பது என் வேலை. ஜாப் கார்டில் நான் அடிக்கடி எழுதிய வரி ஒன்று உண்டு: ‘சோதித்துப் பார்த்தோம், குறை எதுவும் தென்படவில்லை.’ எழுதிய நேரத்தில் அது உண்மைதான். எனக்குத் தென்படவில்லை. ஆனால் அதைப் படிக்கும் வண்டிக்காரருக்கு ‘உங்கள் வண்டியில் குறை இல்லை’ என்றுதான் கேட்கும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை எனக்குப் புரியவைத்தது ஏழு மாதமே ஆன ஒரு கார்.

அதை ஓட்டி வந்தவர் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் ஒரு பெண். “திடீர்னு ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுது சார். எல்லா வார்னிங் லைட்டும் ஒண்ணா எரியுது. ரெண்டு மூணு செகண்டுதான். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது” என்றார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டரில், அதாவது அதன் கண்ட்ரோல் யூனிட்டில், பழைய பதிவு ஒன்று இருந்தது: மின்னழுத்தம் குறைவு. டெலிவரிக்கு முன் யார்டில் நின்று பேட்டரி இறங்கியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பேட்டரியை சார்ஜ் போட்டு, பதிவை அழித்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், வண்டி அழகாக ஓடியது. அதே வரியை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. “நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?”

அவர் சொன்னதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மை என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யவும் இல்லை.

வந்து வந்து மறையும் கோளாறு என்றால் பாதிக் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக் கோளாறுதான், தலைகாட்ட மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கும். வீட்டில் ரகளை செய்கிற பிள்ளை வாத்தியார் முன்னால் வாயே திறக்காது இல்லையா, அப்படி. நிபந்தனை வெப்பமாக இருக்கலாம்: சர்க்யூட் போர்டில் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், சூடேறி விரியும்போது தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கலாம்: முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியை இலைச் சருகு அடைத்திருந்தால், மழைக்கு மறுநாள் மட்டும் ஏதாவது ஒரு கனெக்டர் நனைந்திருக்கும். அதிர்வாக இருக்கலாம்: கனெக்டருக்குள் சரியாகப் பூட்டாத பின் ஒன்று, மேடு பள்ளத்தில் மட்டும் பின்வாங்கும். வண்டி எத்தனை நாள் நிற்கிறது என்பதுகூட நிபந்தனைதான். நிறுத்திப் பூட்டிக் கொஞ்ச நேரத்தில் எல்லாக் கண்ட்ரோல் யூனிட்டும் தூங்கப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வண்டி இழுக்கும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். ஒரு யூனிட் விழித்துக்கொண்டே இருந்தால் தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வாரக் கடைசியில் மட்டும் எடுப்பவருக்குத்தான் ஸ்டார்ட் ஆகாது.

இப்போது சர்வீஸ் சென்டர் பக்கம் பாருங்கள். வண்டி எங்களிடம் வருவதே அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான். நாங்கள் ஓட்டிப் பார்ப்பது நல்ல ரோட்டில், ஒரே ஆள், லக்கேஜ் இல்லை, ஏசி பாதி நேரம் ஆஃப். அந்தக் கோளாறு எந்தச் சூழலில் வராதோ, சரியாக அதே சூழலில்தான் நாங்கள் வண்டியைப் பார்க்கிறோம். திறமை இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேனர் ஜோசியம் சொல்லாது, கண்ட்ரோல் யூனிட் எழுதி வைத்ததைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். யூனிட்டும் எல்லாவற்றையும் எழுதிவிடாது. எஞ்சின் தொடர்பான பல கோளாறுகளில், ஒரு ஓட்டத்தில் (ஸ்டார்ட் செய்ததிலிருந்து அணைக்கும் வரை) பார்த்ததை முதலில் ‘நிலுவை’ என்றுதான் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் உறுதி செய்து செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். தொடர்ந்து மூன்று ஓட்டம் சரியாக இருந்தால் விளக்கைத் தானே அணைத்துவிடும். அதன் பிறகு எஞ்சின் 40 முறை சூடாகி ஆறும் வரை கோளாறு திரும்பவில்லை என்றால், பதிவும் தானாக அழியும். அதனால் ‘விளக்கு அணைந்துவிட்டது, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறவர் கையில் இருந்த சாட்சியை நழுவ விடுகிறார்.

அந்தப் பதிவோடு இன்னொன்றும் சேர்ந்து இருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்போம். கோளாறைப் பார்த்த கணத்தில் எஞ்சின் வேகம், வண்டியின் வேகம், கூலன்ட் சூடு, லோடு எல்லாம் எவ்வளவு என்று எடுத்து வைத்த ஒரு ‘போட்டோ’ அது. எனக்குக் கிடைக்கும் துப்பில் இதற்கு நிகர் இல்லை. பதிவை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். நான் முதல் நாளே செய்த தப்பு அதுதான். நீங்களும் வீட்டில் அதையே செய்கிறீர்கள்: சின்ன ஸ்கேனர் வாங்கி விளக்கை அணைப்பது, யாரோ சொன்னார்கள் என்று பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது. அழிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் திரையையாவது போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, அந்தக் காருக்கு வருகிறேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் ஒரு நோட்டும் கொண்டுவந்திருந்தார். தணிக்கைக்காரர் நோட்டு, கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தது. பதினோரு தடவை கோளாறு வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், வேகம், ஏசி போட்டிருந்ததா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொன்றில் பத்து, காலையில் ஸ்டார்ட் செய்த பத்து நிமிடத்துக்குள். பத்திலுமே வண்டி கிட்டத்தட்ட நின்ற நிலையில், ஸ்டீயரிங் கடைசி வரை ஒடித்திருக்கிறது, ஏசி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும் நேரம். நான் ஓட்டிப் பார்த்த பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவைகூட அப்படி ஒடிக்கவில்லை.

உங்கள் நோட்டிலும் இந்த மாதிரி விவரம்தான் வேண்டும். ‘அடிக்கடி வருது’, ‘ஒரு மாதிரி ஆகுது’ என்பதை வைத்து நான் எங்கேயும் போக முடியாது. வண்டி நின்று எவ்வளவு நேரம் ஆனது, எஞ்சின் சூடா குளிரா, முந்தின நாள் மழையா, வண்டியைக் கழுவினீர்களா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, எந்த ஸ்விட்சைப் போட்டீர்கள், கோளாறு தானாகப் போனதா அல்லது வண்டியை அணைத்துப் போட்ட பிறகா. விளக்கு எரிந்தால் அதன் நிறத்தையும் எழுதுங்கள். வீடியோ ஒன்று பத்து வாக்கியத்துக்குச் சமம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், ஓட்டுகிறவர் போனைத் தொட வேண்டாம்.

புது வண்டியில் இன்னொரு வசதியும் உண்டு. தேய்மானம் என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். மிச்சம் இருப்பது பொருத்தும்போது நேர்ந்த குறை, சாஃப்ட்வேர், டெலிவரிக்குப் பிறகு நீங்கள் மாட்டியது.

கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் தேடுவேன். டேஷ்கேம், அலாரம், பெரிய ஸ்பீக்கர், கூடுதல் லைட். இவற்றை மாட்டுகிறவர் அவசரத்தில் ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். இன்றைய வண்டியில் அந்த ஒயர் வெறும் ஒயர் அல்ல. யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனாக இருக்கலாம். முறுக்கிய இரண்டு ஒயர், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால், இரண்டு ரெசிஸ்டரும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். அதில் ஒரு இடத்தில் தொடர்பு ஆடினால், சம்பந்தமே இல்லாத பிரேக், கியர், ஏர்பேக் விளக்குகள் ஒன்றாக எரியும். அதனால் வெளியில் மாட்டியதை மறைக்காதீர்கள். வாரண்டி போய்விடுமோ என்று பயந்து, மாட்டிய அலாரத்தைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. கழற்றியதும் கோளாறும் போய்விடும், நான் மறுபடி அதே வரியை எழுதுவேன்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த மாடலுக்கு, இந்தக் குறைக்கு கம்பெனியிலிருந்து டெக்னிக்கல் புல்லட்டின் ஏதாவது வந்திருக்கிறதா, என் வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.” தெரிந்த ஒரு குறையை எப்படிச் சரி செய்வது என்று கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் குறிப்புதான் அந்தப் புல்லட்டின். கேட்டால் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை, நேரம் இல்லை.

எங்கள் தொழிலின் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாதபோது பாகத்தை மாற்றுவது. வாரண்டியில்தானே, காசு கம்பெனி கொடுக்கும் என்ற தைரியம். வேடிக்கை என்னவென்றால், பல நேரம் அது ‘வேலை’ செய்யும். சென்சாரை மாற்ற கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம் அல்லவா, அந்த உரசலில் பின்னில் படிந்திருந்த ஆக்சைடு போய்த் தொடர்பு சுத்தமாகிவிடும். இரண்டு வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை. அதனால் ‘பாகம் மாற்றிவிட்டோம்’ என்றால், ‘அந்தப் பாகம்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது’ என்று கேளுங்கள். அளந்த எண் ஏதாவது சொன்னால் நல்லது. ‘மாத்திப் பாப்போம் சார்’ என்றால், மாற்றிய தேதியைக் குறித்துக்கொண்டு கவனியுங்கள்.

ஜாப் கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் காட்டலாம். நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எதுவும் செய்யாமல் திருப்பிக் கொடுத்தாலும், கிலோமீட்டரும் உள்ளே வந்த, வெளியே போன தேதியும் போட்ட நகலை வாங்குங்கள். போனில் பேசியதை அன்றே ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்கள். வாரண்டி முடிந்த பிறகு கோளாறு முற்றினால், வாரண்டிக்குள்ளேயே சொன்னதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பல நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில், பழுது பார்க்க எத்தனை வாய்ப்பு கொடுத்தீர்கள், வண்டி எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். மூன்றாவது முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கம்பெனியின் டெக்னிக்கல் ஆளை வரவழைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்கள் புகாரை எழுதி வாங்கும் அட்வைசரிடம் கத்துவதில் பலன் இல்லை, அவர் கையில் ஸ்பேனர்கூட இல்லை.

நோட்டு எழுதிக் காத்திருக்கக் கூடாத கோளாறுகளும் உண்டு. பிரேக் பெடல் திடீரென்று உள்ளே போவது, ஓடும்போது எஞ்சின் அணைவது, கருகும் வாடை, பெட்ரோல் வாடை, சிவப்பு ஆயில் விளக்கு. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எஞ்சின் மோசமாக மிஸ்ஃபயர் ஆகிறது (பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகிறது), எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும் என்று அர்த்தம். இவற்றில் ஏதாவது ஒரு தடவை வந்தாலே ஓரமாக நிறுத்தி, டோ செய்து கொண்டு வாருங்கள். ஸ்டீயரிங் இறுகுவதும் இந்த வரிசையில் சேர வேண்டியதுதான். அந்த வண்டியை இரண்டு தடவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

நோட்டைப் பார்த்த அன்று வண்டியை இரவு இங்கேயே விடச் சொன்னேன். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், மல்டிமீட்டரின் ஒரு ஒயரை எஞ்சின் உடம்பிலும் இன்னொன்றை வண்டியின் பாடியிலும் வைத்தேன். ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, உதவிக்கு இருந்த பையனை ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கச் சொன்னேன். மீட்டர் 1.4 வோல்ட்டுக்கு ஏறியது. 0.2 வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. “வந்துருச்சுண்ணே!” என்று பையன் கத்தினான், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர். பாடியில் அதன் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருந்தது, போல்ட்டும் முழுசாக முறுக்கப்படவில்லை. மின்சார ஸ்டீயரிங் நின்ற நிலையில் ஒடிக்கும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி இந்த ஒரு போல்ட். சும்மா ஓம் வைத்து அளந்தால் 0.02 ஓம்தான் இருக்கும், சாதாரண மீட்டர் அதைப் பூஜ்யம் என்றே காட்டும். 70 ஆம்பியர் ஓடும்போதுதான் அதே 0.02 ஓம் 1.4 வோல்ட்டை விழுங்கும். எஞ்சின் அறை சூடானதும் தொடர்பு கொஞ்சம் தேறிவிடும். அதனால்தான் மத்தியானம் கொண்டுவந்த வண்டியில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை அதற்குரிய அளவு முறுக்கி, துரு பிடிக்காமல் மேலே பூசி மூட இருபது நிமிடம் ஆனது. பாகம் எதுவும் மாற்றவில்லை. ஆனாலும் வண்டியை அன்றே கொடுக்கவில்லை, இன்னொரு இரவும் நிறுத்தினோம். மறுநாள் காலை அவரையே வரச் சொல்லி, மீட்டரைக் கண்ணாடிக்கு முன்னால் தெரிகிற மாதிரி வைத்தேன். குளிர்ந்த எஞ்சின், ஏசி ஆன், ஸ்டீயரிங் கடைசி வரை. 0.06. அவர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஒடித்துப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, பன்னிரண்டாவது வரிசையில் தேதியைப் போட்டு, அந்த எண்ணையும் எழுதிக்கொண்டார்.