'தரப்படுத்தப்பட்ட தேர்வு' வேண்டாம், 'சீரளவுத் தேர்வு' போதும்

புதுச்சேரியில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டம். மேடையில் இருந்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "இனி நம் பிள்ளைகள் தரப்படுத்தப்பட்ட பொதுத்தேர்வை எழுதுவார்கள்" என்று படித்தார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "சார், அப்போ என் பொண்ண எந்தத் தரத்துல போடுவீங்க?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அம்மாவின் தமிழில் ஒரு பிழையும் இல்லை. பிழை அந்தத் தாளில் இருந்தது. செய்தியிலும் மேடையிலும் இதே தொடரைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

இந்தத் தொடர் ஆங்கிலத்தின் 'ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட்' என்பதற்கான மொழிபெயர்ப்பு. அதிலுள்ள 'ஸ்டாண்டர்டு' பழைய பிரெஞ்சில் படைக்கொடியைக் குறித்த சொல். ஆங்கிலத்துக்கு வந்தபின், அரசு நிறுவிய எடைக்கும் அளவுக்கும் பெயரானது. யார் துணியானாலும் அந்த ஒரே கோலால்தான் அளக்க வேண்டும். தேர்விலும் அதே கருத்துதான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே விதி, திருத்துபவர் யாரானாலும் ஒரே மதிப்பீட்டு முறை. இங்கே ஒழுங்கு செய்யப்படுவது அளவுகோல். பிள்ளையை யாரும் ஒன்றும் செய்வதில்லை.

தமிழில் 'தரம்' பிரிக்கிற சொல். சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வகுத்தது தரம். அப்படி வகுக்கப்படாத நிலம் தரமிலி. இன்றும் மண்டியில் தக்காளியைக் கொட்டி முதல் தரம், இரண்டாம் தரம் என்று கூடை கூடையாக ஒதுக்குகிறார்கள். தரப்படுத்துவது என்றால் மேல் கீழாகப் பிரிப்பது. எனவே அந்த அம்மாவுக்குத் தன் மகள் கூடையில் விழுவதுபோல் கேட்டது.

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றிக் கணக்கிட்டார்கள். அதனால் தமிழ்வழி மாணவர் பலர் இடமிழந்தார்கள். அந்தக் கொள்கையின் பெயரே 'தரப்படுத்தல்'. ஒரு தலைமுறையின் காயத்துக்குப் பெயராகிவிட்ட சொல்லை, நியாயமான அளவைக்கு எடுத்து ஒட்டுவது என்னால் ஏற்க முடியாதது. அதோடு அங்கே வகுப்புக்கே 'தரம்' என்றுதான் பெயர். 'தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை' என்பார்கள்.

சரி, மாற்று என்ன? கணினித் தமிழ் நண்பர்கள் 'செந்தரம்' என்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்தச் சொல்லோடு ஒத்துப்போக முடியவில்லை. செம்மை பாராட்டுச் சொல். செந்தமிழ், செந்நெல், செம்பொருள் எல்லாவற்றிலும் உயர்வு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரேமாதிரி நடக்கும் தேர்வு மட்டமான தேர்வாகவும் இருக்கலாம். ஐம்பதாயிரம் பேருக்கு ஒரே மோசமான வினாத்தாளைக் கொடுத்தாலும் அளவு ஒன்றுதான். அதைச் 'செந்தரத் தேர்வு' என்றால், விவாதிக்கும் முன்பே அது நல்லது என்று தீர்ப்பு எழுதியாகிறது. இது தமிழுக்கும் நல்லதில்லை, கல்விக்கும் நல்லதில்லை. அப்புறம் 'சீர்தரம்'. இது பரவாயில்லை, ஆனால் உள்ளே அதே தரம் உட்கார்ந்திருக்கிறது. கேட்பவர் காதில் கடைசியில் நிற்பது அதுதான்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டாக இருக்கிறது. 'நீ ஸ்டாண்டர்டா, பேசிக்கா?' என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். இதில் ஸ்டாண்டர்டு என்பது கடினமான தாள். 'டென்த் ஸ்டாண்டர்டு' என்றால் வகுப்பு. ஆங்கிலச் சொல் ஒன்று மூன்று வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை மூன்று இடத்திலும் மாட்ட வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'சீரளவுத் தேர்வு'. சீர் என்றால் சமநிலை. தராசைச் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்கிறது குறள். 'சீர்தூக்கிப் பார்' என்று இன்றும் சொல்கிறோம். சீரான அளவு, சீரளவு. விளக்கவுரை இல்லாமலே புரியும்.

இன்னொரு குழப்பம், இதைப் 'பொதுத்தேர்வு' என்பதோடு சேர்த்துக் கட்டுவது. 'பப்ளிக்' என்று வீட்டில் சொல்வது பள்ளிக்கு வெளியே ஒரு வாரியம் நடத்தும் தேர்வை. அளவு ஒன்றா என்பது வேறு கேள்வி. புதுச்சேரியே சாட்சி. இந்தச் சிறிய ஒன்றியப் பகுதிக்குத் தனி வாரியம் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளம், ஏனாம் ஆந்திரம் என்று பல்லாண்டு ஓடியது. நான்கு ஊரிலும் பொதுத்தேர்வு இருந்தது, ஆனால் ஒரே ஆட்சியின் கீழ் மூன்று அளவுகோல். அந்த மதிப்பெண்கள்தான் புதுச்சேரிக் கல்லூரிச் சேர்க்கைக்கு வந்து நின்றன. பிறகு அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025-இல் அந்தப் பிள்ளைகள் அதன் 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளை எழுதினார்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஒரே அளவு வந்தது. அது சரியா என்று பேச வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் 'தரப்படுத்தப்பட்ட' என்றதும் பேச்சு 'நம் பிள்ளைகளின் தரம் உயருமா' என்று வேறு பக்கம் போய்விடுகிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மையப்படுத்தப்பட்ட, முறைப்படுத்தப்பட்ட, வலுப்படுத்தப்பட்ட என்று எதற்கெடுத்தாலும் 'படுத்தப்பட்ட' ஏன்? எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன புரிகிறது என்று கேளுங்கள்.

அந்தத் தாளில் 'நான்கு பகுதிக்கும் ஒரே சீரளவுத் தேர்வு' என்று இருந்திருந்தால், அந்த அம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருப்பார்: வினாத்தாள் தமிழில் வருமா, சார்?