ஓட்டிசத்தோடு இன்னொரு நிலையும் உள்ள பிள்ளை: கொழும்பில் கேட்டுப் பெற வேண்டியவை

ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு வலிப்போ, அறிவு வளர்ச்சிக் குறைபாடோ, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைச் செயற்பாடுமோ கூடவே இருக்கும். உங்கள் பிள்ளையும் அப்படியென்றால், எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் இரண்டு நிலைகளையும் ஒரே வைத்திய அறிக்கையில் எழுதி வாங்குங்கள். "ஓட்டிசம்தானே, அதுதான் ஓடித் திரிகிறான்" என்று இரண்டாவதை முதலாவதற்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். உலகெங்கும் வைத்தியர்கள் பார்க்கும் அமெரிக்க மனநலக் கையேடே 2013 வரை ஓட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒருவருக்குச் சேர்த்து எழுத இடம் கொடுக்கவில்லை. இப்போது அந்தத் தடை இல்லை.

அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவரையே மாற்றுத்திறனாளி என்கிறது. ஆகவே "ஓட்டிசம்" என்ற ஒற்றைச் சொல்லை விட, "எட்டு வயது. தானாக உடுக்க முடியாது. வீதியில் கையை விட்டால் ஓடிவிடுவார். வலிப்புக்குத் தினமும் மருந்து. இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்" என்ற வரிகளுக்குத்தான் பலம் அதிகம். கிளினிக் நாளில் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். முதல் நாளே கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னும் பரிசோதனையே நடக்கவில்லையா? பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டோடு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பேசுங்கள். அங்கிருந்து பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான அயதி நிலையமும் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு ஓரிடம், மற்றதற்கு வேறிடம் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறும் தாய்மாருக்கு, பல சிகிச்சைகள் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய ஆறுதல்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி மக்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மக்களுக்குத் திம்பிரிகஸ்யாய. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வைத்திய அறிக்கையும் தேவை. குடும்ப வருமானமும் பார்க்கப்படும். 7,500 ரூபாவாக இருந்த தொகையை 2025 வரவுசெலவுத் திட்டம் 10,000 ஆக்கியது. இரண்டு நிலைகள் இருப்பதால் தொகை இரட்டிப்பாகாது. ஆனால் தேவை எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட இரண்டும் எழுத்தில் இருப்பது உதவும். கடிதங்களைத் தமிழிலேயே கொடுத்துத் தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை அது.

பாடசாலைதான் பெற்றோரை அதிகம் அழவைக்கும் இடம். "எங்களால் இந்தப் பிள்ளையைச் சமாளிக்க முடியாது" என்று வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வலயக் கல்வி அலுவலகத்தில், விசேட கல்வி அலகு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் எவை என்று விசாரியுங்கள். பொதுப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். அதற்கும் இதே அறிக்கைதான் வேண்டும். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவராமல் போட்டோகொப்பியை மட்டும் கொடுங்கள்.