எண்டோசோம்: உட்பையும் மீட்புப்பையும்

எண்டோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும், சவ்வால் ஆன சிறு பை. அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறேன். கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'சோமா' என்றால் உடல். குரோமோசோம், ரைபோசோம், லைசோசோம் எல்லாவற்றின் வாலிலும் இருப்பது இதே சோமாதான். குரோமோசோமை இலங்கைப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என்கின்றன. அந்த வழியில் போனால் எண்டோசோம் 'உள்ளுடலம்' ஆகும். பிழையில்லை, ஆனால் அது இருக்கும் இடம் மட்டுமே தெரியும், வேலை தெரியாது.

வேலையைப் பாருங்கள். ரத்தத்தில் வரும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் துகளைக் கல்லீரல் செல்லின் மேல் இருக்கும் ஏற்பிப் புரதம் பிடிக்கிறது. அந்த இடத்தில் சவ்வு உள்நோக்கிக் குழிந்து, கிள்ளி எடுத்ததுபோல் சிறு குமிழாகப் பிரிந்து, எண்டோசோமில் போய்ச் சேர்கிறது. உள்ளே அமிலத்தன்மை அதிகம், பிஎச் ஏறத்தாழ 6. அமிலம் பட்டதும் ஏற்பி மடங்கிப் பிடியை விடுகிறது. துகள் பையின் உருண்டைப் பகுதியிலேயே தங்கி, பிறகு செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைகிறது. ஏற்பியோ பையிலிருந்து நீளும் மெல்லிய குழல்களில் ஏறி மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிடம். தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான நடை! இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தத் திரும்புதலை 'மறுசுழற்சி' என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மறுசுழற்சி என்றதும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வேறொன்று செய்வது நினைவுக்கு வரும். செல்லில் அதற்கு நெருக்கமான வேலையைச் செய்வது லைசோசோம். ஏற்பி உருக்கப்படுவதில்லை. அடகு வைத்த வளையல் அதே வளையலாகக் கைக்குத் திரும்புகிறதே, அதற்குத் தமிழில் அழகான சொல் உண்டு: மீட்பு.

ஆகவே எண்டோசோமுக்கு 'உட்பை', மேற்பரப்புக்குத் திருப்பி அனுப்பும் வகைக்கு 'மீட்புப்பை' என்பது என் பரிந்துரை. 'அகப்பை' இன்னும் இனிமையாக ஒலிக்கும்தான், ஆனால் அதைச் சமையலறை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: "பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஒட்டிக்கொண்டால், ஏற்பி உட்பைக்குள் மடங்க முடியாமல், மீட்கப்படாமல் லைசோசோமில் அழிகிறது, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் உள்ளன."