வெட்டி ஒட்ட முடியாத கையொப்பம்

மண்டபத்தில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பெயரில் யாரோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வேறோர் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பணம் போடுவதற்கு முன் அவர்கள் தொலைபேசியில் விசாரித்ததால் தப்பித்தோம். இனிமேல் கையொப்பமிட்ட மின்னஞ்சல்தான் வேண்டும் என்கிறார்கள். முதலாளியின் கையெழுத்தை ஸ்கேன் செய்து கடிதத்தின் அடியில் ஒட்டினால் போதுமா?”

போதாது. ஒட்டக்கூடியதை வெட்டவும் முடியும். உங்கள் பழைய கடிதத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பொய்க் கடிதத்தில் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. அனுப்புநர் முகவரியை நம்பவும் வழியில்லை. தபால் உறையின் பின்புறம் எவர் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதைப் போலவே, 1982 இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையும் எழுதியவர் யார் என்று சரிபார்ப்பதில்லை. பின்னாளில் சேர்க்கப்பட்ட சோதனைகள் அஞ்சல் எந்தத் தளத்திலிருந்து புறப்பட்டது என்பதைத்தான் பார்க்கின்றன.

மின்னஞ்சல் செயலியில் கையொப்பம், குறியாக்கம் என இரண்டு வசதிகள் அருகருகே இருந்தாலும் அவற்றின் வேலை வேறு. பாம்பனில் மீன் ஏலம் விடும்போது எல்லோர் காதிலும் விழும்படியே விலை கேட்கிறார்கள். அங்கே ரகசியம் இல்லை, கேட்டவர் யார் என்ற ஐயமும் இல்லை. மாட்டுச் சந்தையிலோ துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பதே அங்கே நோக்கம். கையொப்பம் முதல் வகை, குறியாக்கம் இரண்டாம் வகை. வாசகருக்கு உடனடியாகத் தேவைப்படுவது முதல் வகை.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொருவரிடமும் இணையான இரண்டு திறவுகோல்கள் இருக்கும்: பொதுத் திறவுகோலை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், தனித் திறவுகோலை யாருக்கும் காட்டக் கூடாது. இந்த எண்ணத்தை 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அதற்கு ஏற்ற கணிதத்தைக் கண்டார்கள். 1991 இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்னும் மென்பொருளின் வழியாக அதைச் சாதாரண மக்களின் மின்னஞ்சலுக்குக் கொண்டுவந்தார். குறியாக்கத்தின்போது செயலி ஒருமுறை மட்டும் பயன்படும் சாவியொன்றை உருவாக்கிக் கடிதத்தைப் பூட்டுகிறது. பிறகு அந்தச் சாவியைப் பெறுநரின் பொதுத் திறவுகோலால் பூட்டி உடன் அனுப்புகிறது. அதை அவருடைய தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும்.

கையொப்பத்தின் கணக்கைத் தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். 3, 11 என்னும் இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. இந்த 33 உடன் 3 என்னும் எண்ணையும் சேர்த்து உங்கள் பொதுத் திறவுகோலாக அறிவித்துவிடுங்கள். பகா எண்கள் ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பெருக்கினால், 2 × 10 = 20. 3 ஐ எந்த எண்ணால் பெருக்கி 20 ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7 ஆல் பெருக்கினால் வரும், ஏனெனில் 3 × 7 = 21. அந்த 7 தான் உங்கள் தனித் திறவுகோல்.

செயலி முதலில் கடிதம் முழுவதையும் பிழிந்து ஒரு சுருக்க எண்ணாக்குகிறது. நடைமுறையில் பெரிதும் பயன்படும் எஸ்எச்ஏ-256 முறையில், கடிதம் ஒரு வரியானாலும் நூறு பக்கமானாலும் 256 பிட்டுகள்தான் (0 அல்லது 1 என்னும் இலக்கங்கள்) கிடைக்கும். கடிதத்திலுள்ள வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலே அவற்றில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். நம் விளையாட்டுக் கணக்கில் சுருக்க எண் 4 என்று கொள்வோம். 4 இன் ஏழாம் அடுக்கு 16,384. அதை 33 ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16 தான் கையொப்பம். கடிதத்துடன் அது வாடிக்கையாளருக்குப் போகிறது. அவரிடம் உங்கள் 7 இல்லை, 33 உம் 3 உம் மட்டுமே இருக்கின்றன. அவருடைய செயலி 16 இன் மூன்றாம் அடுக்கைக் காண்கிறது: 4,096. அதை 33 ஆல் வகுத்தால் மீதி 4. வந்து சேர்ந்த கடிதத்தையும் தானே பிழிந்து பார்க்கிறது. அங்கும் 4 வந்தால் கையொப்பம் சரி. வழியில் யாரேனும் கணக்கு எண்ணை மாற்றிச் சுருக்க எண் 5 ஆகியிருந்தால், 16 இலிருந்து அப்போதும் 4 தான் வரும். பொய் அங்கேயே பிடிபட்டுவிடும். ஏழாம் அடுக்கில் ஏறிய எண் மூன்றாம் அடுக்கில் இறங்கித் தன் பழைய இடத்துக்கே திரும்பி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

33 ஐ எந்தப் பிள்ளையும் காரணிப்படுத்தி 7 ஐக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 2048 பிட் திறவுகோலில் அந்தப் பெருக்கற்பலன் 617 இலக்கம் கொண்டது. 2020 இல் ஆய்வாளர்கள் ஏராளமான கணினிகளைக் கொண்டு காரணிப்படுத்திய, சவாலாக அறிவிக்கப்பட்டிருந்த எண்ணோ 250 இலக்கம்தான்.

கணிதம் இவ்வளவு தெளிவாக இருக்க, மின்னஞ்சல் செயலி எழுதுபவர்கள் படும் பாடெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. கடிதம் ஓர் எழுத்துக்கூட மாறாமல் போய்ச் சேர்ந்தால்தான் சுருக்க எண் ஒத்துவரும். இடையில் அஞ்சலைக் கைமாற்றும் ஒரு சேவையகம் வரியின் இறுதியில் இருக்கும் வெற்றிடத்தை நீக்கினாலும், கடிதத்தின் அடியில் தன் விளம்பர வரியைச் சேர்த்தாலும், நேர்மையான கடிதமே பொய்க் கடிதமாகத் தோன்றிவிடும். ஆகவே கையொப்பம் காக்கும் பகுதியைத் தனியாக வேலியிட்டு அனுப்பும் முறை 1995 இல் வகுக்கப்பட்டது. தலைப்பு வரி வழக்கமாக அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. குறியாக்கம் செய்தாலும் பல செயலிகள் அதைத் திறந்தபடியே அனுப்புவதால், விலையையோ கணக்கு எண்ணையோ தலைப்பில் எழுதாதீர்கள். அனுப்பிய கடிதத்தின் நகலை உங்கள் திறவுகோலுக்கும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் எழுதியவராலேயே அதைப் பிறகு படிக்க முடியாது. 2018 இல் வெளிவந்த ‘ஈஃபெயில்’ ஆய்வு, பூட்டை உடைக்காமலே, செயலி கடிதத்தைத் திறந்து இணையப் படங்களை ஏற்றும் தருணத்தில் உள்ளடக்கத்தை வெளியே கடத்த முடியும் என்று காட்டியது.

திரையில் தோன்றும் பூட்டுக் குறியைத் தாயத்தைப் போல நம்புவோரையும் பார்க்கிறேன். கையொப்பம் சரி என்று செயலி சொன்னால், இந்தப் பொதுத் திறவுகோலுக்கு இணையான தனித் திறவுகோலால் இடப்பட்டது என்று மட்டுமே பொருள். அந்தத் திறவுகோல் உங்களுடையதுதானா என்பதைச் செயலி அறியாது. உங்கள் பெயரில் எவரும் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அதற்காகவே ஒவ்வொரு திறவுகோலுக்கும் கைரேகை என்று, ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு சிறு குறியீடு உண்டு; பரவலாகப் புழங்கும் வகையில் அது 40 குறிகள் கொண்டது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமில்தான் தலைமையகம் கொண்டிருந்தது. மீனைப் பற்றிய ஆய்வுக்கு அரசு செலவிட வேண்டும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே மீனுக்கான பணத்தைக் காக்கும் மென்பொருளுக்கு அந்த அளவு ஆதரவு இல்லை. பல செயலிகள் சார்ந்திருக்கும், பிஜிபி வகையைச் சேர்ந்த க்னுபிஜி மென்பொருளை வெர்னர் கோக் என்னும் ஜெர்மானிய நிரலாளர் ஏறக்குறையத் தனி ஆளாக, பணமுடையுடன் பராமரித்து வந்தது 2015 இல் செய்தியான பிறகுதான் பெருமளவில் நன்கொடைகள் வந்தன. சாலை, துறைமுகம்போல இதையும் பொது நிதியால் தாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு என் பதில் இதுதான். தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் செயலியில் 2020 இல் வந்த 78 ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. திறவுகோல் இணையை உருவாக்கி, பொதுவானதை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். தனித் திறவுகோலின் நகலைக் கடவுச்சொல்லிட்டு ஒரு பென் டிரைவில் பதிந்து அலமாரியில் பூட்டி வையுங்கள், ஏனெனில் அது தொலைந்தால் உங்களுக்காகப் பூட்டப்பட்ட கடிதங்களை மீட்க வழியில்லை. பிறகு, அன்று பணம் போடுவதற்கு முன் எந்த எண்ணிலிருந்து உங்களை அழைத்தார்களோ, அதே எண்ணில் அவர்களை நீங்கள் அழைத்து, கைரேகையின் 40 குறிகளையும் நான்கு நான்காக வாசித்துக் காட்டுங்கள்.