சும்மா இருக்கும் மூளைக்கு ஏன் இத்தனை செலவு?

நாள் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு எழுந்தால் அசதியாக இருக்கிறது. மூளை இருந்த சக்தியையெல்லாம் தின்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த நேரம் முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் மூளையின் செலவு ஏறக்குறைய அதேதான்.

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, அதாவது உடல் எடையில் 2 சதவீதம். ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் அது எடுத்துக்கொள்வதோ ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட்.

சரி, இது எங்கே போகிறது? மூளையின் நரம்பு செல்லான நியூரானுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வுதான் அதன் முதலீடு. ஒவ்வொரு சமிக்ஞை ஓடும்போதும் சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியே நழுவுகிறது. சமிக்ஞை இல்லாதபோதும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல, செல் சவ்வில் உள்ள பம்புகள் இதை ஓயாமல் சரிசெய்கின்றன. செல்லின் எரிபொருளான ஏடிபியில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதை நண்டின் நரம்புகளில் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். நோபல் பரிசு வர 40 ஆண்டுகள் ஆயின. மூளையின் ஆற்றலில் பெரும்பங்கை விழுங்குவது இந்த இறைப்பு வேலைதான். கடினமாக யோசிக்கும்போது கூடுவது அதன்மேல் வரும் சில்லறைச் செலவு.

ஏடிபி பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் இருந்தால் செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் உதவியோடு ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டே இரண்டு. மூளையிடம் சேமிப்பும் கிடையாது என்றே சொல்லலாம். நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் கொஞ்சம் கிளைக்கோஜன், அதாவது சேமித்துவைத்த குளுக்கோஸ், இருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடுகிறது.

பட்டினி கிடந்தால்? உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் மூளை அதை நேரடியாக எரிப்பது அரிது. கல்லீரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றித் தர வேண்டும். பல வாரம் உண்ணாதிருந்தவர்களின் மூளைக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேல் கீட்டோன்களிலிருந்தே வந்ததை 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் காஹிலின் குழு காட்டியது.

அப்புறம், மூளையின் செயல்பாட்டைப் பார்க்க எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் படங்களில் மூளையின் ஒரு பகுதி மட்டும் சிவந்து தெரியுமே, அது யோசனையின் படம் அல்ல. சுறுசுறுப்பான பகுதிக்குத் தேவைக்கும் அதிகமாகவே ரத்தம் ஓடிவருகிறது, அதனால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தின் அளவு மாறுகிறது. கருவி பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். நிறமில்லாத பகுதிகளிலும் பம்புகள் இறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லா நேரமும் இருக்கும் செலவு என்பதால் அது படத்தில் விழுவதில்லை.