தெப்பக்குளத்தில் தொங்கும் வெளிச்சத் தூண்கள்

தைப்பூசத்துக்குத் தெப்பம் பார்க்கக் கோவையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்: "சித்தப்பா, லைட்டெல்லாம் உருண்டையாத்தானே இருக்கு? தண்ணிக்குள்ள மட்டும் ஏன் குச்சி குச்சியா தொங்குது?"

அருமையான கேள்வி. திருமலை நாயக்கர் காலத்துக் குளம் இது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, தெப்பம் நிலையிலேயே நின்றதும் உண்டு. பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிரம்பினால்தான் இந்தக் காட்சியே கிடைக்கும். மைய மண்டபத்திலும் தெப்பத்திலும் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே, நீளமான ஒரு வெளிச்சத் தூண்.

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று பள்ளியில் படித்திருப்போம். தண்ணீர் அசையாமல் இருந்தால் ஒரு விளக்குக்கு ஒரே பிம்பம்தான், அதுவும் உருண்டையாக. ஆனால் முன்பனிக் காற்று லேசாகத் தடவினாலே குளம் முழுக்கச் சிற்றலை. ஒவ்வொரு அலைச் சரிவும் ஒரு குட்டிக் கண்ணாடி. நமக்குக் கிட்டே உள்ள அலைகளில் விளக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவையும், விளக்குக்குக் கிட்டே உள்ளவற்றில் நம் பக்கம் சாய்ந்தவையும் அதே விளக்கை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆயிரம் துண்டுகள் சேர்ந்து ஒரு தூண்.

சரி, அலை எல்லாப் பக்கமும்தானே சாய்கிறது? வெளிச்சம் ஏன் வட்டமாகப் பரவவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இரவில் மொட்டை மாடிக்குப் போங்கள். கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதைப் படுக்கை வாட்டில் பிடித்து, தூரத்துத் தெருவிளக்கை அதில் பாருங்கள். கண்ணாடியை முன்னும் பின்னும் ஒரு துளி சாய்த்தால் பிம்பம் விறுவிறுவென்று மேலும் கீழும் ஓடும். இடமும் வலமும் அதே அளவு சாய்த்துப் பாருங்கள், பிம்பம் நகர மனசே இல்லாமல் நிற்கும். ஒளி கண்ணாடியைத் தாழ்வாக உரசிக்கொண்டு வருவதால் வரும் வித்தியாசம் இது. நீர்ப்பரப்போடு நம் பார்வை 10 டிகிரி சாய்வில் இருந்தால், பக்கவாட்டு நகர்வு மேல்கீழ் நகர்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அதனால்தான் தூண் அகலத்தைப் போல ஆறு மடங்கு நீளம். பார்வை இன்னும் தாழ்ந்தால் தூண் இன்னும் மெலியும். பக்கத்து மாடியில் ஏறிப் பார்த்தால் தடிக்கும். மழை பெய்த காமராசர் சாலையில் வண்டிகளின் விளக்கு நீண்டு தெரிவதும் இதே கணக்குத்தான்.

1954-இல் சார்ல்ஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்ற இரு கடலியல் ஆய்வாளர்கள், ஹவாய்க் கடலில் சூரியன் மினுங்குவதை விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு, காற்றின் வேகத்துக்கும் அலைச் சரிவுக்கும் உள்ள உறவைக் கணித்து வெளியிட்டார்கள். செயற்கைக்கோள் வழியே கடற்காற்றை அளக்க இன்றும் அந்தக் கணக்கு உதவுகிறது. தண்ணீர் மினுங்குவதை ஆராய எதற்குப் பணம் என்று அன்று யாராவது கையை விரித்திருந்தால் நட்டம் மீனவர்களுக்கும்தான். நம் கல்லூரிகளில் இப்படிப்பட்ட "எதற்கும் உதவாத" கேள்விகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "ஆத்தா என்னைய நோக்கித்தான் கோடு போட்டு வர்றா" என்று கைகூப்பினார். அவர் கண்டதில் பிழையே இல்லை. தூண் எப்போதும் பார்ப்பவரின் காலடியை நோக்கித்தான் நீளும். அவருக்குத் தெரிந்த தூண் அவருடையது, எனக்குத் தெரிந்தது என்னுடையது, இரண்டும் வெவ்வேறு அலைகளில் பிறந்தவை.

இதைச் சொன்னதும் பிள்ளை சுவரோரமாகக் கிழக்கே நடக்க ஆரம்பித்தாள். மண்டபத்து விளக்கின் தூணும் அவளோடு நடந்ததாம். அப்புறம் கரையிலிருந்து வடம் இழுக்க, தெப்பம் அசைந்தது. அலை எழும்பித் தூண்கள் மணி மணியாக உதிர்ந்தன. தெப்பம் தாண்டிப் போனதும் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு மறுபடி நீண்டன.