சைடுபோர்டு பக்கப்பலகை ஆன கதை

“பழங்கால பக்க பலகை. மூன்று டிராயர், இரண்டு கதவு. டீக் மரம். 1962.”

மெய்ப்புப் பார்க்க வந்த பட்டியல் ஒன்றில் இருந்த வரி இது. வல்லொற்று விடுபட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பலகைக்கு எப்படிக் கதவு வைத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. சைடுபோர்டைத் தமிழாக்கிய இந்தப் ‘பக்கப்பலகை’யை முதலில் பார்த்தபோது சிரித்தேன். நான்காவது ஐந்தாவது முறை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

சைடுபோர்டு என்பது சாப்பாட்டு அறையில் சுவரோரமாக, இடுப்பு உயரத்தில், நீளவாக்கில் நிற்கும் மரச்சாமான். மேலே பாத்திரங்களை வைத்துப் பரிமாறலாம். அடியில் இழுப்பறைகளில் கரண்டிகளும் மேசை விரிப்புகளும், கதவுகளுக்குப் பின்னால் தட்டுகளும் கோப்பைகளும் இருக்கும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் பலகை. அப்புறம் அந்தப் பலகையைப் போட்டு உண்ணும் மேசை. இடைக்கால மாளிகைக் கூடங்களில் பெரிய மேசைக்கு ஒதுக்குப்புறமாகப் போட்ட துணை மேசைதான் சைடுபோர்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் அந்த மேசையின் இரு பக்கமும் தனித்தனிப் பீடங்களை நிறுத்தி, ஒன்றில் தட்டுகளைச் சூடாக வைக்கவும் வழி செய்தார். பிறகு பீடங்களும் மேசையும் ஒட்டி ஒரே சாமானாயின. 1788இல் ஹெப்பிள்வைட் என்ற ஆங்கிலேய மரச்சாமான் தச்சரின் வடிவ நூல் அச்சேறியபோது இழுப்பறை வைத்த சைடுபோர்டுகள் அதில் இடம்பெற்றிருந்தன. (விருந்து முடிந்து ஆண்கள் மட்டும் குடிக்க உட்கார்ந்தபின் அவசரத்துக்கு என்று சிறுநீர்க்கலம் ஒன்றையும் அதன் அடியறையில் வைத்திருந்தார்கள் என்பது சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூடாத தகவல்.)

ஆக, சொல்லுக்குள் இருக்கும் போர்டு வெறும் மரத்துண்டு அன்று, மேசை. மேசை என்ற பொருளும் அங்கேயே நிற்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் ஆட்களுக்கும் போர்டு என்றே பெயர் வந்தது. நமக்கு இது புதிதா என்ன? சங்கப்பலகை என்கிறோமே, அங்கே பலகை என்பது புலவர் அமரும் இருக்கை. தகுதி உள்ளவருக்கு நீண்டு இடம் கொடுத்த இருக்கை. ‘சங்கப்பலகை ஏறியது’ என்றால் அவை ஏற்றுக்கொண்டது என்று பொருள். தமிழில் பலகை இருக்கையானது, ஆங்கிலத்தில் மேசையானது. இரண்டும் ஒரே மரத்தில் தொடங்கி வேறு வேறு இடத்துக்குப் போய்விட்டன. பிரிந்துபோன இடத்தில் நின்றுகொண்டு மறுபடி மரத்தையே மொழிபெயர்த்தால் எப்படி?

முன்னோர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. மின்சாரத் துறைக்கான போர்டுக்குப் பெயர் தேடியவர்கள் ‘மின்சாரப் பலகை’ என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அது வீட்டுச் சுவரில் சுவிட்சுகள் பொருத்தியிருக்கும் சாமானாகியிருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்ததை அறிந்து, வாரியம் என்றார்கள். கரும்பலகை என்றபோது பலகை என்றே சொன்னார்கள். அங்கே அது உண்மையிலேயே பலகை. கப்போர்டை யாரும் கோப்பைப் பலகை ஆக்கவில்லை. சைடுபோர்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கப்பலகை என்று தமிழில் படிப்பவருக்கு என்ன தோன்றும்? எனக்கு லாரியின் சுமைத் தொட்டிக்கு இரு புறமும் அடைக்கும் பலகைதான் தோன்றுகிறது. அதற்கு அது நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும். பிரிட்டிஷ் வழக்கில் சைடுபோர்டு என்றால் கிருதா என்றும் பொருள் உண்டு. கன்னத்தில் பக்கப்பலகை வளர்த்த கதாநாயகன் ஒருநாள் நம் மொழிபெயர்ப்பில் வந்தே தீருவான் என்று பயமாக இருக்கிறது.

கொஞ்சம் மரியாதையான போட்டியாளர் ‘உணவறை அலமாரி’. அலமாரி போர்த்துக்கீசியச் சொல் என்பதால் அதை நான் ஒதுக்கவில்லை. மேசையும் அங்கிருந்து வந்ததுதான். வந்து பல தலைமுறையான விருந்தாளியை எழுந்து போகச் சொல்ல எனக்கு மனமில்லை. என் சிக்கல் வேறு. அலமாரி என்றால் ஆள் உயரம் நிற்பது, திறந்து எடுத்து மூடுவது. அதன் உச்சியில் பழைய பெட்டிதான் ஏறும், குழம்புச் சட்டி ஏறாது. சைடுபோர்டுக்கோ உயிர் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. ‘பக்கமேசை’ என்றால் மேற்பரப்பு கிடைக்கும், ஆனால் சேமிக்கும் அறை போய்விடும். தவிர, நாற்காலிக்கு அருகே போடும் சின்ன மேசைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போயாயிற்று.

என் சொல் ‘பரிமாறு பேழை’. பரிமாறுவது, வைத்திருப்பது என்ற இரண்டு வேலையும் அதில் இருக்கின்றன. வினைத்தொகையாக வாயிலும் எளிதாக நுழைகிறது. சொன்னதும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார்: “சாப்பிடுற இடத்துல பேழையா? சவப்பேழை ஞாபகம் வருதே!” நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் சாமான் வகையில் இதற்கு மிக நெருங்கிய இத்தாலியக் கிரெடென்சாவைப் பாருங்கள். நம்பிக்கை என்ற பொருளுள்ள சொல் அது. உணவில் நஞ்சில்லை என்று முதலில் சுவைத்துக் காட்டும் வழக்கத்திலிருந்து சாமானுக்குப் பெயராயிற்று என்பார்கள். நஞ்சு நினைவை வைத்துக்கொண்டு அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடவில்லையா? பேச்சில் சைடுபோர்டு என்றே சொல்லுங்கள், எனக்குக் குறையில்லை. தமிழாக்குகிறேன் என்று எழுதும்போதுதான் கேட்கிறேன்.

அந்த ஒரே வரியில் ‘பழங்கால’வும் தவறு. 100 ஆண்டு தாண்டியதைத்தான் ஆன்டிக் என்பது வணிக வழக்கம். 1962ஆம் ஆண்டுச் சாமான் விண்டேஜ். விண்டேஜ் என்பது திராட்சை அறுவடையைக் குறித்த சொல். பிறகு ஒயின் எந்த ஆண்டுக்குரியது என்பதைக் குறித்தது. ஆகவே அதற்கு நேர்மையான தமிழ், ஆண்டைச் சொல்வதுதான்: ‘1960களின் பரிமாறு பேழை’. ஆன்டிக்குக்கு ‘நூற்றாண்டு கண்ட’ என்று எழுதலாம். ‘தொல்பொருள்’ என்று மட்டும் வேண்டாம், அது மண்ணைத் தோண்டி எடுப்பதற்கான சொல்.

‘டீக் மரம்’ இன்னும் வேடிக்கை. நம் தேக்குதான் போர்த்துக்கீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய் டீக் ஆனது. 1950களிலும் 60களிலும் டென்மார்க்குத் தச்சர்கள் அந்த மரத்தில் சைடுபோர்டுகள் செய்து உலகெங்கும் விற்றார்கள். அந்தச் சாமானின் பெயரில் நமக்குச் சொந்தமான ஒரே சொல் அது. அதைத்தான் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்.

திருத்தி அனுப்பினேன்: “1962ஆம் ஆண்டின் தேக்குப் பரிமாறு பேழை. மூன்று இழுப்பறை, இரண்டு கதவு.” அச்சுக்குப் போன படி நேற்று வந்தது. “1962ஆம் ஆண்டின் தேக்குப் பரிமாறும் பக்க பலகை.”